மெல்பர்னில் தூண்டில், சின்னப் படகு, டிரெய்லர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்தால் போதும், நண்பர்களிடமிருந்து கேள்விகள் வரத் தொடங்கிவிடும். போர்ட் பிலிப் வளைகுடாவில் ஸ்னாப்பர் மீன் பருவம் நெருங்குகிறது, பழைய படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா, லைசென்ஸ் வேண்டுமா, டிரெய்லரில் எதைப் பார்க்க வேண்டும் என்று. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்லி முடிவதில்லை, அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். நான் மெக்கானிக் இல்லை. 4.8 மீட்டர் அலுமினியப் படகு ஒன்றை ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன், அதன் வேலைகளை வீட்டு வாசலில் நானே செய்கிறேன். இத்தனை வருடத்தில் என் பயணங்கள் பாழானது பெரும்பாலும் கடலில் அல்ல, ரோட்டில். அதனால் டிரெய்லரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன்.

சும்மா பியரில் (கடலுக்குள் நீளும் பாலத்தில்) நின்று தூண்டில் போடவும் லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டும். விக்டோரியாவில் 18 வயதிலிருந்து 69 வயது வரை உள்ள எல்லோருக்கும் மீன்பிடி லைசென்ஸ் அவசியம். பியர், பீச், ஆறு, படகு எதுவானாலும் ஒன்றுதான். சீனியர்ஸ் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் சில வகைப் பென்ஷன்காரர்களுக்கும் விலக்கு உண்டு. 3 நாள், 28 நாள், ஒரு வருடம், மூன்று வருடம் என்று கிடைக்கிறது, ஆன்லைனில் ஐந்து நிமிட வேலை.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது எங்கே என்றால், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா கையில் ஆசையாகத் தூண்டிலைக் கொடுக்கும்போது. அவருக்கு 65 வயது என்றால் அவருக்கும் லைசென்ஸ் வேண்டும், மகனுடைய லைசென்ஸ் அவருக்குச் செல்லாது. 28 நாள் லைசென்ஸ் எடுத்துக் கொடுங்கள், நிம்மதியாக உட்கார்ந்து பிடிக்கட்டும்.

இது மீன் பிடிக்க. இன்ஜின் வைத்த படகை ஓட்டத் தனியாக மரைன் லைசென்ஸ் எடுக்க வேண்டும், அதற்குத் தேர்வு உண்டு. படகுக்கு ஒரு ரிஜிஸ்ட்ரேஷன், டிரெய்லருக்கு இன்னொன்று. பழைய படகு வாங்கும்போது இரண்டும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

எந்த மீனை எத்தனை எடுக்கலாம்?

நாம் அதிகம் பிடிப்பதை மட்டும் சொல்கிறேன். ஸ்னாப்பர் குறைந்தது 28 செ.மீ. இருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு நாளைக்கு 10, அதில் 40 செ.மீ. அல்லது அதற்கு மேல் உள்ளது 3-தான் இருக்கலாம். கிங் ஜார்ஜ் வைட்டிங் 27 செ.மீ., 20 மீன். கணவாய் 10. கம்மி ஷார்க் எனும் சின்னச் சுறா 2, அதற்கு அளக்கும் முறையே வேறு: கடைசிச் செவுள் பிளவிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை 45 செ.மீ. இந்த விதிகள் மாறும், மாநிலத்துக்கு மாநிலமும் வேறு, அதனால் விக்டோரியன் ஃபிஷரீஸ் அத்தாரிட்டியின் கையேட்டை ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புரட்டிப் பாருங்கள்.

அளவுகோலைப் படகிலேயே ஒட்டி வையுங்கள். 27-ஆ 28-ஆ என்று சந்தேகம் வந்தால் விட்டுவிடுங்கள். மீனைக் கடலில் வைத்துத் துண்டு போடவும் வேண்டாம், முழுதாக வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். அதிகாரி வந்து அளக்கக் கேட்டால் காட்ட மீன் முழுதாக இருக்க வேண்டும்.

பாறையில் ஒட்டியிருக்கும் மட்டி, சிப்பி எடுக்கலாமா? ஊரில் எடுப்போமே?

போர்ட் பிலிப் வளைகுடாவில் கூடாது. கரையோரத்திலிருந்து 2 மீட்டர் ஆழம் வரை சிப்பி, நத்தை வகை எதையும் எடுக்கத் தடை. பிள்ளைகளோடு வாளி எடுத்துக்கொண்டு பீச்சுக்குப் போகும் குடும்பங்கள் தெரியாமல் செய்துவிட்டு அபராதம் கட்டுகிறார்கள். அதே போல வில்லியம்ஸ்டவுன் பக்கம் ஜாபோன், பாயின்ட் குக், போமாரிஸில் ரிக்கெட்ஸ் பாயின்ட், வளைகுடா வாயில் இருக்கும் மரைன் நேஷனல் பார்க் பகுதிகள், இங்கெல்லாம் தூண்டிலும் போடக் கூடாது. கரையில் போர்டு இருக்கும். படகில் இருந்தால் போர்டு கண்ணில் படாது, மேப்பைத்தான் பார்க்க வேண்டும்.

அண்ணா, முதல் படகு எது வாங்கலாம்? பழசு வாங்கினால் எதைப் பார்க்க வேண்டும்?

வளைகுடாவுக்குள் போக 4.5 முதல் 5 மீட்டர் வரை உள்ள அலுமினியப் படகு போதும். இலேசானது, சாதாரணக் காரே இழுக்கும், கழுவுவது சுலபம்.

பார்க்கும்போது முதலில் படகைப் பார்க்காதீர்கள். டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிடித்திருக்கும் யு-போல்ட் துருப்பிடித்து மெலிந்திருக்கிறதா, பெட்டி மாதிரியான இரும்புச் சட்டத்தின் உள்ளிருந்து துரு வழிகிறதா, டயர் பக்கவாட்டில் வெடிப்பு இருக்கிறதா. டயரில் நாலு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு இலக்கம் தயாரான வாரம், அடுத்த இரண்டு இலக்கம் வருடம். மேல் பள்ளங்கள் தேயாமல் நன்றாக இருந்தாலும் பத்து வருடத்து டயரை நம்பாதீர்கள்.

அப்புறம் படகு. ஃபைபர் படகாக இருந்தால் இன்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகைக்குள் பெரும்பாலும் பிளைவுட்தான். இன்ஜினின் கீழ்ப் பகுதியைப் பிடித்துத் தொங்கி ஆட்டுங்கள், பலகை வளைந்தால் உள்ளே உளுத்துவிட்டது, அந்தப் பேரத்தை விட்டுவிடலாம். அலுமினியமாக இருந்தால் தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். ஈரக் கார்பெட்டுக்குக் கீழே ஈயக்குண்டு ஒன்று வருடக்கணக்கில் கிடந்தால்கூட உப்புத் தண்ணீரில் அந்த இடம் அரித்துக் குழி விழுந்திருக்கும். ஈயம், பித்தளை, செம்பு எதுவும் அலுமினியத் தரையில் கிடக்கக் கூடாது.

என் கார் இழுக்குமா?

காரின் கையேட்டில் இழுக்கும் திறன் போட்டிருக்கும். பிரேக் இல்லாத டிரெய்லருக்கு ஒரு எண், பிரேக் உள்ளதற்கு இன்னொன்று. டிரெய்லரின் முன்னால் ஒரு தகட்டில் ஏடிஎம் என்று அதிகபட்ச எடை பொறித்திருப்பார்கள். சக்கரங்களில் இறங்கும் எடை 750 கிலோவைத் தாண்டினால் பிரேக் கட்டாயம், 2000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்துக்கும் பிரேக் வேண்டும்.

எல்லோரும் படகின் வெறும் எடையைத்தான் கணக்குப் போடுகிறார்கள். 80 லிட்டர் பெட்ரோலே 60 கிலோ வரும், ஐஸ் பெட்டி, பேட்டரி, நங்கூரம், சங்கிலி எல்லாம் சேர்த்தால் இன்னொரு நூறு. என் படகை ஒருமுறை குப்பை கொட்டும் இடத்து எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன், நான் நினைத்ததைவிட 140 கிலோ கூடுதல். நீங்களும் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

டிரெய்லர் பேரிங்கை எவ்வளவு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுதத் தொடங்கினேன்.

முதலில் ஏன் கெடுகிறது என்று சொல்கிறேன். சக்கரத்தின் நடுவில் பேரிங்கை உள்ளே வைத்திருக்கும் பாகம்தான் ஹப். ஒரு மணி நேரம் ஃப்ரீவேயில் ஓடி வந்த ஹப் சூடாக இருக்கும், உள்ளே காற்று விரிந்திருக்கும். அதை அப்படியே படகு இறக்கும் சரிவுப் பாதையில் (ராம்ப்) குளிர்ந்த கடலுக்குள் இறக்கினால் உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, பின்பக்கத்துச் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் போதும். கிரீஸ் பால் மாதிரி வெளுக்கும், உருளைகளில் புள்ளி புள்ளியாகத் துரு விழும், பிறகு ஏதோ ஒரு நாள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஹப் இறுகிக்கொள்ளும்.

எனக்கு அது நடந்தது. படகு வாங்கிய முதல் கோடை, விற்றவர் பேரிங் புதுசு என்றார், நம்பினேன், திறந்து பார்க்கவில்லை. ஹேஸ்டிங்ஸிலிருந்து திரும்பும் வழியில் ஏதோ கருகும் வாசனை வந்தது, காரின் பிரேக் என்று நினைத்தேன். கண்ணாடியில் பார்த்தால் இடது சக்கரம் சாய்ந்து ஓடுகிறது. ஓரம் கட்டி இறங்கியபோது ஹப்பிலிருந்து புகை, சக்கரத்தைக் கையால் அசைத்தால் அப்படியே ஆடுகிறது. இருட்டும் வரை லாரிகள் உரசிப் போகும் ரோட்டோரத்தில் என் எட்டு வயது மகனோடு நின்றேன். அந்தப் பேரிங் செட்டின் விலை ஒரு ஐஸ் பெட்டி விலைகூட இல்லை.

அதனால் என் கணக்கு இது: கடலில் இறங்கும் டிரெய்லருக்கு வருடம் ஒருமுறை, பருவத்துக்கு முன்னால், இரண்டு பக்கமும் கழற்றிப் பார்த்துவிட வேண்டும். முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க ஆகும், பழகினால் பக்கத்துக்கு முக்கால் மணி நேரம்.

வேலை இப்படி. எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கி போட்டுத் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்துவிட்டுச் சக்கரத்தைக் கழற்றுங்கள். ஹப் முகத்தில் இருக்கும் மூடியைத் தட்டி எடுத்து, ஸ்ப்ளிட் பின்னை உருவி, நட்டைக் கழற்றினால் வாஷரும் வெளிப் பேரிங்கும் கையில் வரும், ஹப்பை இழுத்தால் வெளியே வந்துவிடும். பின்பக்கச் சீலை நெம்பி எடுத்தால் உள் பேரிங். எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, துணியில் துடைத்து, வெளிச்சத்தில் உருளைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பாருங்கள். வழவழவென்று வெள்ளியாக இருக்க வேண்டும். புள்ளி விழுந்திருந்தால், சூட்டில் நீலம் பாரித்திருந்தால், விரலில் சொரசொரப்புத் தட்டினால் தூக்கிப் போடுங்கள். பேரிங்கை மாற்றினால் ஹப்புக்குள் இருக்கும் வெளி வளையமான கப்பையும் சேர்த்து மாற்ற வேண்டும், பழைய கப்பில் உருளைகள் உள்ள புதுக் கோன் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

மரைன் கிரீஸ் ஒரு உருண்டையை உள்ளங்கையில் வைத்து, பேரிங்கின் அகலமான பக்கத்தை அதன் ஓரத்தில் அழுத்தி அழுத்தி எடுங்கள். மேலே தடவுவது போதாது. மறுபக்கம் உருளைகளுக்கு நடுவிலிருந்து கிரீஸ் புழு மாதிரி பிதுங்கி வரும் வரை, சுற்றிச் சுற்றி. திரும்ப மாட்டும்போது சீலும் ஸ்ப்ளிட் பின்னும் கட்டாயம் புதுசு. நட்டை இறுக்கும்போது ஹப்பைச் சுற்றிக்கொண்டே இறுக்குங்கள், நன்றாகப் பிடித்ததும் கொஞ்சம் தளர்த்தி, பின் நுழையும் துளைக்குக் கொண்டு வாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும், சக்கரத்தை மாட்டிய பிறகு மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் தெரிந்தும் தெரியாத ஒரு அசைவு இருக்கலாம், அதற்கு மேல் ஆடக் கூடாது.

கடையில் கேட்கும்போது ஹோல்டன் வகையா ஃபோர்டு வகையா என்று தெரிந்திருக்க வேண்டும். இங்கே சின்ன டிரெய்லர்களில் எல்எம், எஸ்எல் என்ற இந்த இரண்டு வகைதான் பெரும்பாலும் இருக்கும், பேரிங்கின் மேலேயே எண் பொறித்திருக்கும். ஒரு முழுச் செட், கிரீஸ், சீல், பின், சாக்கெட் எல்லாம் ஒரு டப்பாவில் போட்டுக் காரிலேயே வைத்திருங்கள், ஸ்டெப்னியும் அதற்குப் பொருந்தும் ஸ்பேனரும் கூடவே. கார் ஸ்பேனர் டிரெய்லர் நட்டுக்குப் பொருந்தும் என்று நினைத்துவிடாதீர்கள், வீட்டிலேயே மாட்டிப் பாருங்கள்.

ஸ்பிரிங் வைத்த கிரீஸ் மூடி மாட்டிவிட்டால் கழற்ற வேண்டியதில்லையாமே?

அது நல்ல பொருள்தான், ஹப்புக்குள் கொஞ்சம் அழுத்தத்தில் கிரீஸை வைத்திருப்பதால் தண்ணீர் நுழைவது குறையும். ஆனால் கிரீஸ் கன்னை வைத்து அடித்துக்கொண்டே இருந்தால் பின் சீல் பிதுங்கிப்போகும், உள்ளே பேரிங் எப்படி இருக்கிறது என்றும் தெரியாது. மூடி மாட்டினாலும் வருடத்துக்கு ஒருமுறை திறந்துதான் பார்க்க வேண்டும்.

ராம்ப்புக்கு வந்ததும் உடனே இறக்காமல் பத்து நிமிடம், கால் மணி நேரம் ஹப் ஆறட்டும். தூண்டில், ஐஸ், லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் படகில் ஏற்ற அந்த நேரம் சரியாக இருக்கும். வழியில் எங்கே நிறுத்தினாலும் ஹப்பில் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை, கை வைக்க முடியவில்லை என்றால் அதற்கு மேல் ஓட்டாதீர்கள்.

இன்ஜினுக்கு நானே என்ன செய்யலாம்?

ஒவ்வொரு முறை வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி ஓட விட வேண்டும். தண்ணீர் உறிஞ்சும் இடத்தில் மாட்ட இரண்டு ரப்பர் கிண்ணம் வைத்த கவ்வி கிடைக்கும், குழாயைத் திறந்த பிறகுதான் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும், பத்து நிமிடம் ஓடட்டும். பக்கவாட்டில் பீய்ச்சும் தண்ணீர் பலமாக வருகிறதா என்று பாருங்கள். மெலிந்துவிட்டால் உள்ளே தண்ணீரை இழுக்கும் ரப்பர் விசிறியான இம்பெல்லர் தேய்ந்திருக்கலாம், இல்லை உப்பு அடைத்திருக்கலாம். நான் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இம்பெல்லரை மாற்றிவிடுகிறேன். அது போனால் இன்ஜினே போகும்.

கியர் ஆயிலை வருடம் ஒருமுறை, அல்லது 100 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கீழ் ஸ்க்ரூவைத் திறந்து, பிறகு மேல் ஸ்க்ரூவையும் திறந்தால் வடியும். பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, சீலைப் பார்க்க மெக்கானிக்கிடம் போக வேண்டும். புது ஆயிலைக் கீழிருந்துதான் ஏற்ற வேண்டும், மேல் துளையில் வழியும் வரை.

ஆனோடு என்று ஒரு சாம்பல் நிற உலோகக் கட்டி இருக்கும், மற்ற பாகங்களுக்குப் பதிலாக அது கரைய வேண்டும், அதுதான் அதன் வேலை. பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன்மேல் பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.

போன வருடம் நன்றாக ஓடிய இன்ஜின் இந்த வருடம் திணறுகிறது. ஏன்?

பத்தில் எட்டுத் தடவை பழைய பெட்ரோல். குளிர்காலம் முழுக்க டேங்கில் கிடந்த பெட்ரோல் கெட்டுப்போகும், எத்தனால் கலந்த இ10 என்றால் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதைக் காலி செய்து, புதுப் பெட்ரோல் ஊற்றி, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை மாற்றிப் பாருங்கள். அப்புறமும் திணறினால் மெக்கானிக். எந்தப் பெட்ரோல் ஊற்ற வேண்டும் என்பதை இன்ஜின் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள்.

காற்று எவ்வளவு இருந்தால் போகலாம்?

காற்று 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்துக்கு மேல் என்றால் நான் போவதில்லை. போர்ட் பிலிப் ஆழம் குறைந்த வளைகுடா, அதிகபட்சமே 24 மீட்டர்தான், அதனால் காற்று கிளம்பினால் அலை உயரமாக வராது, ஆனால் குட்டை குட்டையாக, அடுத்தடுத்து, செங்குத்தாக வரும். சின்னப் படகுக்கு அதுதான் ஆபத்து. காலையில் கண்ணாடி மாதிரி இருக்கும், தென்மேற்கிலிருந்து காற்று திரும்பியதும் இருபது நிமிடத்தில் வேறு கடலாகிவிடும். வானிலைத் துறை சொல்வது சராசரிக் காற்று. அடிக்கும் வீச்சு அதைவிட 40 சதவீதம் கூடலாம், சில அலைகள் சொன்ன உயரத்தைப் போல இரண்டு மடங்கு வரலாம் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள்.

பக்கத்து வளைகுடாவான வெஸ்டர்ன் போர்ட்டில் கதை வேறு. அங்கே ஓதம் 3 மீட்டர் வரை ஏறி இறங்கும், நீர் வற்றினால் சேற்றுத் திட்டில் படகு உட்கார்ந்துவிடும், அடுத்த ஏற்றம் வரை அங்கேயேதான். டூராடின், வார்னீட் பக்கம் போகிறவர்கள் ஓத நேரத்தைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். போர்ட் பிலிப் வாயில் நீரோட்டம் வேகமாக இருக்கும் 'ரிப்' எனும் இடத்துப் பக்கம் முதல் இரண்டு வருடம் தலைவைத்துப் படுக்க வேண்டாம்.

லைஃப் ஜாக்கெட் போட்டால் வியர்க்கிறது. கையருகே வைத்திருந்தால் போதாதா?

போதாது. 4.8 மீட்டர் வரை உள்ள இன்ஜின் படகில் ஓடும்போது எல்லோரும் போட்டிருக்க வேண்டும், அது சட்டம். நங்கூரம் போட்டு நிற்கும்போதும் நான் கழற்றுவதில்லை. விழுகிறவனுக்கு ஜாக்கெட்டை எடுத்து மாட்ட நேரம் கிடைக்காது, குளிர்ந்த தண்ணீரில் மூச்சு வாங்கும்போது கை வேலை செய்யாது. தானாக உப்பும் மெல்லிய ஜாக்கெட் வாங்கினால் வியர்வைப் பிரச்சினை தீரும், ஆனால் அதன் கேஸ் சிலிண்டர் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், சர்வீஸும் விட வேண்டும். கரையிலிருந்து 2 கடல் மைலுக்கு மேல் வெளிக்கடலில் போனால் ஆபத்தில் செயற்கைக்கோள் வழியாகச் சிக்னல் அனுப்பும் இபெர்ப் கருவி கட்டாயம். ஆஸ்திரேலியக் கடல் பாதுகாப்பு அமைப்பான அம்சாவிடம் அதை இலவசமாகப் பதிவு செய்யலாம். பதிவு செய்யாத கருவி கூப்பிட்டால் யாரைத் தேடுகிறோம் என்றே அவர்களுக்குத் தெரியாது.

ஸ்னாப்பர் கிடைக்கவே மாட்டேன் என்கிறதே?

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான் பெரிய மீன் முட்டையிட உள்ளே வரும். விடியலும் அந்தியும் நேரம். மார்டியாலக், ஃப்ராங்க்ஸ்டன், மார்னிங்டன் எதிரே 15 முதல் 20 மீட்டர் ஆழத்தில் சோனாரில் மீன் தெரியும் வரை சுற்றுங்கள், தெரியாத இடத்தில் நங்கூரம் போட்டு மணிக்கணக்கில் காத்திருக்காதீர்கள். இரை, பில்சர்ட் எனும் நம் மத்தி வகை மீன், அல்லது கணவாய்க் கீற்று. 4/0, 5/0 அளவில் இரண்டு முள்ளை ஒரே நரம்பில் கட்டுங்கள், முள்ளின் முனை வெளியே தெரிய வேண்டும். இரைக்குள் புதைந்த முள் கடிக்காது. ஈயம் எவ்வளவு குறைவாக முடியுமோ அவ்வளவு குறைவு. மீன் முதலில் தட்டும்போது இழுக்காதீர்கள், கம்பு வளைந்து ஓடட்டும்.

நிறம் நம் சங்கரா மாதிரி இருந்தாலும் இது வேறு இனம். தலையை மட்டும் தூக்கிப் போடாதீர்கள், புளிக்குழம்புக்கு அதுதான் மேல்.

பிடித்த மீன் வீட்டுக்கு வருவதற்குள் வாசம் அடிக்கிறது.

வாளியில் போட்டுச் சாக விடுவதுதான் காரணம். ஏறியதும் மூளையில் ஒரு குத்து, செவுளை அறுத்து ரத்தம் வடிய விட்டு, ஐஸ் இரண்டு பங்கும் கடல் தண்ணீர் ஒரு பங்கும் கலந்த பெட்டியில் முக்கிவிடுங்கள். மீனும் துடிக்காது, சதையும் கண்ணாடி மாதிரி இருக்கும். ஊதிக்கொள்ளும் பேத்தை மீன் வந்தால் அப்படியே கடலில் விடுங்கள், எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் அதன் விஷம் போகாது. நீல வளையம் போட்ட சின்ன ஆக்டோபஸைக் கையால் தொடவே கூடாது, பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வந்ததும் களைப்பாக இருக்கிறது. மறுநாள் கழுவினால் ஆகாதா?

அன்றே கழுவுங்கள். உப்பு காய்ந்துவிட்டால் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் முறை இது: மீனை மனைவியிடம் கொடுத்துவிட்டு நேராக ஹோஸ். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே டிரெய்லரின் ஸ்பிரிங், பிரேக், வின்ச், லைட் கனெக்டர், சட்டத்தின் உள்பக்கம் எல்லாவற்றிலும் தண்ணீர் அடிப்பேன், குறிப்பாகப் பிரேக் டிஸ்க்கில், அங்கே உப்பு தங்கினால் அடுத்த முறை பிரேக் பிடித்துக்கொள்ளும். பிறகு இன்ஜினை நேராக நிறுத்தி உள்ளே உள்ள தண்ணீரை வடிய விட வேண்டும். படகின் பின்னால் இருக்கும் அடைப்பானைக் கழற்றி, முன்பக்கத்தை உயர்த்தி, உள்ளே தேங்கியதும் போகட்டும். கழற்றிய அடைப்பானை நான் கார் ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்க விடுவேன். அடுத்த முறை அதைக் கையில் எடுக்காமல் காரை ஓட்ட முடியாது. இப்போது அந்த வேலை என் மகனுடையது, ராம்ப்பில் அதை மாட்டி இறுக்கிவிட்டு எனக்குக் கட்டை விரலைக் காட்டுவான், அதற்குப் பிறகுதான் ரிவர்ஸ் எடுப்பேன்.